ஸ்கேன் பண்ணியும் திரும்பத் திரும்ப வர்ற மால்வேர்: கம்ப்யூட்டரை அப்புறம் பாருங்க, முதல்ல அக்கவுண்டைப் பாருங்க



வரி, லோன், எஸ்ஐபி பத்தி எழுதிட்டு இருந்த சிஏ எதுக்கு திடீர்னு வைரஸ் பத்தி எழுதுறாங்கன்னு நினைக்கலாம். போன வருஷம் ஜூலையில எங்க வீட்டுல நடந்ததைச் சொல்றேன், காரணம் உங்களுக்கே புரியும்.

ஜூலை மூணாவது வாரம். எங்க தொழில்ல அது எப்படிப்பட்ட நேரம்னு உங்களுக்குத் தெரியும். என் தம்பி வேலைக்குச் சேர்ந்து ரெண்டு வருஷம் ஆகுது. ஆபீஸ்ல கொடுக்க ஸ்கேன் பண்ண பக்கங்களை ஒரே பிடிஎஃப்-ஆ சேர்க்கணும்னு, டெலிகிராம்ல கிடைச்ச ஒரு "ஃபுல் வெர்ஷன்" பிடிஎஃப் எடிட்டரை வீட்டு கம்ப்யூட்டர்ல இறக்கியிருக்கான். அது பாஸ்வேர்டு போட்ட ஜிப் ஃபைல். கூடவே ஒரு குறிப்பு: "இன்ஸ்டால் பண்றதுக்கு முன்னாடி ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணவும்." பண்ணிட்டான்.

வியாழக்கிழமை ராத்திரி கூப்பிட்டான். "அக்கா, கூகுள்ல தேடினா வேற ஏதோ சைட்டுக்குப் போகுது." நான் ஸ்கேன் போட்டேன். ஒரு வைரஸ் மாட்டிச்சு, "ரிமூவ்" அழுத்தினேன், முடிஞ்சது. வெள்ளிக்கிழமை அதே வைரஸ் திரும்ப வந்துச்சு. வேற ஒரு ஸ்கேனர் போட்டு எடுத்தேன். சனிக்கிழமை மறுபடியும். அன்னைக்கு ராத்திரி ஒன்றரை மணி வரைக்கும் உட்கார்ந்தேன். ஞாயிறு ராத்திரி 11.40-க்கு தம்பி போனுக்கு ஒரு எஸ்எம்எஸ்: கிரெடிட் கார்டுல ரூ.18,260, ஏதோ ஒரு வெளிநாட்டு வெப்சைட். ஓடிபி எதுவும் வரலை.

மூணு ராத்திரி நான் அந்தக் கம்ப்யூட்டரோட மல்லுக்கட்டினேன். அவன் பாஸ்வேர்டு, மெயில், கார்டு எல்லாம் வியாழக்கிழமையே வெளியே போயிருந்துச்சு. இந்தப் பதிவு முழுக்க நான் சொல்லப்போறது இது ஒண்ணுதான்: வீட்டு கம்ப்யூட்டர்ல மால்வேர் வந்தா அதை முதல்ல பணப் பிரச்சினையா பாருங்க. சுத்தம் பண்ற வேலை ரெண்டாவது. சுத்தம் பண்றதுக்கும் ஒரு ஸ்டாப் லாஸ் வேணும்.

அது உள்ளே வந்து என்ன எடுக்குது?

முன்னாடியெல்லாம் வைரஸ்னா கம்ப்யூட்டர் ஸ்லோ ஆகும், ஃபைல் அழிஞ்சு போகும். இப்ப கிராக் சாஃப்ட்வேரோட வர்றதுல பெரும்பாலும் "இன்ஃபோஸ்டீலர்" வகை இருக்கும். பேரே சொல்லுது, தகவல் திருடி. அது நாலு விஷயத்தைத் தேடும்.

1. பிரௌசர்ல நீங்க சேவ் பண்ணி வச்ச பாஸ்வேர்டுகள்.

2. குக்கீஸ். தீம் பார்க் போனா டிக்கெட்டை ஒரு தடவை காட்டினதும் கையில ஒரு பேண்டு கட்டிவிடுவாங்க இல்லையா? அப்புறம் எந்த ரைடுக்குப் போனாலும் டிக்கெட் கேக்க மாட்டாங்க, பேண்டைப் பார்த்து விட்டுடுவாங்க. லாகின் குக்கீ அந்த பேண்டு மாதிரி. அதைத் திருடினவனுக்கு உங்க பாஸ்வேர்டும் வேணாம், ஓடிபியும் வேணாம். நீங்களா உள்ளே இருக்கிற மாதிரியே அவன் உள்ளே போயிடுவான்.

3. ஆட்டோஃபில்ல இருக்கிற கார்டு நம்பர், முகவரி, போன் நம்பர்.

4. டெஸ்க்டாப்லயும் டவுன்லோட்ஸ் ஃபோல்டர்லயும் கிடக்கிற ஃபைல்கள்.

இந்த நாலாவதுதான் சம்பளக்காரங்களுக்குப் பெரிய ஆபத்து. உங்க டவுன்லோட்ஸ் ஃபோல்டரை இப்பவே திறந்து பாருங்க. ஃபார்ம் 16, பேங்க் ஸ்டேட்மெண்ட், ஆதார், பான் கார்டு ஸ்கேன், வாடகை ஒப்பந்தம், சம்பள ஸ்லிப் எல்லாம் இருக்கும். "பிடிஎஃப்-க்குத்தான் பாஸ்வேர்டு இருக்கே"னு சொல்லாதீங்க. வருமான வரித்துறையோட ஏஐஎஸ் பிடிஎஃப்-க்கு பாஸ்வேர்டு என்ன? சின்ன எழுத்துல பான் நம்பர், அதோட பிறந்த தேதி. அந்த ரெண்டும் பக்கத்துலயே கிடக்கிற பான் கார்டு ஸ்கேன்ல இருக்கு. பீரோவைப் பூட்டிட்டு சாவியை மேலேயே வச்ச கதைதான்.

என் தம்பி கிரெடிட் கார்டோட ரெண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்து "கார்டு"ங்கிற பேர்லயே ஒரு ஃபோல்டர்ல வச்சிருந்தான். வெளிநாட்டு வெப்சைட் பல இடத்துல ஓடிபி கேக்காது. அவ்வளவு போதும் அவங்களுக்கு.

முதல் ஒரு மணி நேரம்: ஸ்கேனரைத் தொடாதீங்க

சந்தேகம் வந்த நிமிஷத்துலயே இந்த வரிசையில செய்யுங்க.

முதல் வேலை, நெட்டைத் துண்டிக்கணும். லேன் கேபிளைப் பிடுங்குங்க, இல்லைன்னா வைஃபையை ஆஃப் பண்ணுங்க. பென் டிரைவ், எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் எதையும் சொருகாதீங்க. ஏற்கெனவே சொருகியிருந்தா கழட்டிடுங்க.

அடுத்து போனை எடுத்து மொபைல் டேட்டாவுக்கு மாறுங்க. இனிமே எந்த பாஸ்வேர்டு மாத்தினாலும் போன்லதான் மாத்தணும். பாதிக்கப்பட்ட கம்ப்யூட்டர்ல உட்கார்ந்து புது பாஸ்வேர்டு டைப் பண்ணா, அந்தப் புது பாஸ்வேர்டும் அவங்களுக்குப் போயிடும். நிறைய பேர் சறுக்குற இடம் இது.

மெயில். இதுதான் முதல்ல. உங்க பேங்க், டீமேட், வருமான வரி போர்ட்டல் எல்லாத்துக்கும் "ஃபர்காட் பாஸ்வேர்டு" கொடுத்தா லிங்க் வர்றது மெயிலுக்குத்தான். பேங்க் சைட் அஞ்சு பத்து நிமிஷத்துல தானா லாக் அவுட் ஆயிடும். மெயில் மாசக்கணக்கா லாகின்லயே இருக்கும். அதனால:

- பாஸ்வேர்டு மாத்துங்க.
- எல்லா டிவைஸ்லயும் லாக் அவுட் கொடுங்க. கையில கட்டின அந்த பேண்டு இதுலதான் செல்லாம போகும். பாஸ்வேர்டு மட்டும் மாத்திட்டு விட்டுடாதீங்க.
- ரெகவரி போன் நம்பர், ரெகவரி மெயில் உங்களோடதுதானான்னு பாருங்க.
- செட்டிங்ஸ்ல ஃபில்டரும் ஃபார்வர்டிங்கும் பாருங்க. ஃபில்டரை போன் ஆப்ல பார்க்க முடியலைன்னா பிரௌசர்ல டெஸ்க்டாப் சைட் போட்டுப் பாருங்க. தம்பி மெயில்ல ஒரு ஃபில்டர் இருந்துச்சு: அவன் பேங்க் பேரு உள்ள எல்லா மெயிலும் நேரா குப்பைத் தொட்டிக்கு. எஸ்எம்எஸ் வரலைன்னா எங்களுக்கு மாசக் கடைசி ஸ்டேட்மெண்ட் வரைக்கும் தெரிஞ்சிருக்காது.

பேங்க், கார்டு. நெட் பேங்கிங் பாஸ்வேர்டை மாத்துங்க. பேங்க் ஆப்ல கார்டு கண்ட்ரோல்ஸ்க்குப் போய் இன்டர்நேஷனல் பயன்பாட்டை ஆஃப் பண்ணுங்க. கார்டு நம்பர் கம்ப்யூட்டர்ல எங்கயாவது இருந்துச்சுன்னா கார்டை பிளாக் பண்ணி புதுசு வாங்கிடுங்க. புதுசா யாராவது பேயீ சேர்ந்திருக்காங்களான்னும் பாருங்க.

மத்தது. டீமேட், மியூச்சுவல் ஃபண்ட் ஆப், இபிஎஃப்ஓ, வருமான வரி போர்ட்டல். வருமான வரி போர்ட்டல்ல "இ-ஃபைலிங் வால்ட்"னு ஒரு வசதி இருக்கு. அதை ஆன் பண்ணா வெறும் பாஸ்வேர்டு வச்சு உள்ளே போக முடியாது, ஆதார் ஓடிபி மாதிரி ரெண்டாவது பூட்டும் கேக்கும். ரீஃபண்டுக்குக் கொடுத்த பேங்க் அக்கவுண்ட் உங்களோடதுதானான்னும் ஒரு பார்வை பார்த்துடுங்க.

ஆபீஸ். அந்தக் கம்ப்யூட்டர்ல ஆபீஸ் மெயிலோ விபிஎன்னோ திறந்திருந்தா ஐடி டீமுக்குச் சொல்லிடுங்க. திட்டு விழும்னு பயந்து மறைக்காதீங்க. நாளைக்கு உங்க ஐடியில இருந்து ஏதாவது நடந்து அப்புறம் தெரிஞ்சா, அது வேலைக்கே பிரச்சினை.

பணம் ஏற்கெனவே போயிருந்தா?

பேங்க் ஹெல்ப்லைனுக்கும் 1930-க்கும் உடனே போன் பண்ணுங்க. தேசிய சைபர் கிரைம் போர்ட்டல்லயும் புகார் பதிவு பண்ணி, ரெண்டு இடத்துலயும் புகார் நம்பரை எழுதி வச்சுக்கோங்க. முக்கியமா, இதெல்லாம் முடியற வரைக்கும் கம்ப்யூட்டரை ஃபார்மட் பண்ணாதீங்க. வைரஸ் பேரு தெரியற ஸ்கிரீன், எஸ்எம்எஸ், மெயில் எல்லாத்தையும் போன்ல போட்டோ எடுத்து வைங்க. ஆதாரத்தை நீங்களே அழிச்சுடாதீங்க.

ஏன் இவ்வளவு அவசரம்? ஆர்பிஐ 2017 ஜூலை 6 அன்று ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. உங்க அனுமதி இல்லாம நடந்த எலக்ட்ரானிக் பரிவர்த்தனையில யாருக்கு எவ்வளவு பொறுப்புன்னு அது சொல்லுது. தப்பு பேங்க் மேலயும் இல்லாம உங்க மேலயும் இல்லாம மூணாவது ஆள் பண்ணியிருந்தா:

- பேங்க் தகவல் கொடுத்த நாளை விட்டுட்டு 3 வேலை நாளுக்குள்ள சொன்னா, உங்க நஷ்டம் பூஜ்யம்.
- 4-ல இருந்து 7 வேலை நாளுக்குள்ள சொன்னா, ஒரு பரிவர்த்தனைக்கு ஒரு வரம்பு வரைக்கும் உங்க தலையில. சாதாரண சேமிப்புக் கணக்குக்கும், ரூ.5 லட்சம் வரை லிமிட் உள்ள கிரெடிட் கார்டுக்கும் அது அதிகபட்சம் ரூ.10,000.
- 7 நாள் தாண்டினா, அந்தந்த பேங்க் போர்டு பாலிசிப்படி.

நீங்க சொன்ன 10 வேலை நாளுக்குள்ள பேங்க் அந்தத் தொகையைத் தற்காலிகமா வரவு வைக்கணும். 90 நாளுக்குள்ள முடிவு சொல்லணும்.

இதுல ஒரு சிக்கல். உங்க கவனக்குறைவால போச்சுன்னா, நீங்க பேங்குக்குச் சொல்ற வரைக்குமான நஷ்டம் உங்களோடது. கிராக் சாஃப்ட்வேர் போட்டதை பேங்க் கவனக்குறைவுன்னு வாதாடலாம். ஆனா ரெண்டு விஷயம் உங்க பக்கம் இருக்கு. வாடிக்கையாளர் மேல தப்புன்னு நிரூபிக்க வேண்டிய பொறுப்பு பேங்கோடது. அப்புறம், நீங்க சொன்ன நிமிஷத்துக்குப் பிறகு நடக்கிற எந்த நஷ்டமும் பேங்க் தலையில. அதனால எந்தப் பக்கம் பார்த்தாலும் சீக்கிரம் சொல்றதுதான் லாபம். உங்க பேங்கோட இப்போதைய பாலிசி அவங்க வெப்சைட்லயே இருக்கும், ஒரு தடவை படிச்சு வைங்க.

சரி, அது ஏன் திரும்பத் திரும்ப வருது?

இப்பதான் கம்ப்யூட்டருக்கு வர்றோம். ஸ்கேனர் எடுத்தது ஃபைலை. அந்த ஃபைலைத் திரும்பக் கொண்டு வர்ற ஏற்பாடு வேற இடத்துல உட்கார்ந்திருக்கும். வீட்டு கம்ப்யூட்டர்ல பெரும்பாலும் இந்த அஞ்சு இடம்:

1. டிஃபெண்டர் எக்ஸ்க்ளூஷன். ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணி, அட்மின் அனுமதியும் கொடுத்து இன்ஸ்டால் பண்ணீங்க இல்லையா? அந்த நேரத்துல அது "இந்த ஃபோல்டரை ஸ்கேன் பண்ணாதே"னு ஒரு விதிவிலக்கு எழுதி வச்சுடும். எங்க வீட்டுல சி டிரைவ் முழுசும் அந்த லிஸ்ட்ல இருந்துச்சு! வாட்ச்மேனைக் கூப்பிட்டு "இந்த வீட்டுப் பக்கம் பார்க்காதே"னு சொல்லி வச்ச மாதிரி. விண்டோஸ் செக்யூரிட்டி, வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்ஷன், மேனேஜ் செட்டிங்ஸ், அதுல கடைசியா எக்ஸ்க்ளூஷன்ஸ். நீங்க போடாதது எது இருந்தாலும் எடுத்துடுங்க.

2. டாஸ்க் ஷெட்யூலர். "தினமும் இத்தனை மணிக்கு இதை ஓட்டு"ன்னு விண்டோஸுக்குச் சொல்ற இடம். நீங்க வைரஸை அழிச்சாலும், அடுத்த லாகின்ல இது திரும்ப இறக்கிடும். அப்டேட்டர் மாதிரி நல்ல பேர்ல ஒளிஞ்சிருக்கும்.

3. ஸ்டார்ட் அப் ஆப்ஸ், சர்வீசஸ். கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போதே சேர்ந்து ஓடுறவை.

4. பிரௌசர். தெரியாத எக்ஸ்டென்ஷன் இருக்கும், ரிமூவ் பட்டனே வேலை செய்யாது. குரோம்ல மூணு புள்ளி மெனுவுல கடைசியா "மேனேஜ்ட் பை யுவர் ஆர்கனைசேஷன்"னு காட்டுதா? ஆபீஸ் அக்கவுண்ட்ல லாகின் ஆகாத வீட்டு கம்ப்யூட்டர்ல அது வந்தா சந்தேகப்படுங்க. சில ஆன்டிவைரஸும் அப்படிக் காட்ட வைக்கும். ஆனா பல நேரம் மால்வேர் ஒரு பாலிசி எழுதி எக்ஸ்டென்ஷனைக் கட்டாயமா உட்கார வச்சிருக்கும்.

5. வெளியில இருந்து. டவுன்லோட்ஸ்ல இன்னும் கிடக்கிற அந்த ஒரிஜினல் ஜிப், ஜெராக்ஸ் கடைக்குப் போய் வந்த பென் டிரைவ், பேக்கப் எடுத்து வச்ச ஹார்ட் டிஸ்க். பென் டிரைவ்ல ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட்டா மாறியிருந்தா அதை கிளிக் பண்ணவே பண்ணாதீங்க.

சுத்தம் செய்யும் வரிசை

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு. இப்ப வர்ற லேப்டாப் நிறைய என்க்ரிப்ட் ஆகியே வருது. நடுவுல பிட்லாக்கர் ரெகவரி கீ கேக்கலாம். உங்க மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்டை போன்ல திறந்து அந்த கீ இருக்கான்னு பார்த்து எழுதி வச்சுக்கோங்க. இது இல்லாம மாட்டிக்கிட்டா உங்க ஃபைல் உங்களுக்கே கிடைக்காது.

1. எக்ஸ்க்ளூஷன் லிஸ்ட்டைக் காலி பண்ணுங்க. ரியல் டைம் புரொடெக்ஷனும் டேம்பர் புரொடெக்ஷனும் ஆன்ல இருக்கான்னு பாருங்க.

2. டவுன்லோட்ஸ்ல இருக்கிற அந்த இன்ஸ்டாலரை அழிச்சு, ரீசைக்கிள் பின்னையும் காலி பண்ணுங்க. அந்த சாஃப்ட்வேரை அன்இன்ஸ்டால் பண்ணுங்க.

3. ஸ்கேன் ஆப்ஷன்ஸ்ல "மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன்" கொடுங்க. கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் முழுசா எழுந்திருக்கிறதுக்கு முன்னாடியே ஸ்கேன் நடக்கும். திருடன் தூங்கும்போது பிடிக்கிற மாதிரி. சுமார் 15 நிமிஷம் ஆகும். முடிவு புரொடெக்ஷன் ஹிஸ்டரியில இருக்கும்.

4. சேஃப் மோடுக்குப் போங்க. ஷிஃப்ட் கீயைப் பிடிச்சுக்கிட்டே ரீஸ்டார்ட், ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட் அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட், அப்புறம் 4. இங்க டாஸ்க் ஷெட்யூலரையும் ஸ்டார்ட் அப் ஆப்ஸையும் பாருங்க. மைக்ரோசாஃப்ட்டோட இலவச டூல் "ஆட்டோரன்ஸ்" இருந்தா வேலை சுலபம், எல்லாத்தையும் ஒரே இடத்துல காட்டும். அதுல மைக்ரோசாஃப்ட் என்ட்ரிகளை மறைச்சுட்டு மிச்சத்தைப் பாருங்க. சந்தேகமானதை டெலீட் பண்ணாம டிக்கை மட்டும் எடுத்துவிடுங்க. தப்பாயிடுச்சுன்னா திரும்பப் போட்டுக்கலாம்.

5. வேற ஒரு நல்ல கம்ப்யூட்டர்ல இறக்கின ரெண்டாவது ஸ்கேனர் ஒண்ணு ஓட்டுங்க. மைக்ரோசாஃப்ட் சேஃப்டி ஸ்கேனர், மால்வேர்பைட்ஸ் ரெண்டுக்கும் இலவச வசதி இருக்கு. மத்திய அரசோட செர்ட்-இன் அமைப்பு நடத்துற "சைபர் ஸ்வச்தா கேந்திரா"விலயும் இலவச டூல்கள் கிடைக்கும். இதைக் கொண்டு வர்ற பென் டிரைவைத் திரும்ப அந்த நல்ல கம்ப்யூட்டர்ல அப்படியே சொருகிடாதீங்க.

6. பிரௌசரை ரீசெட் பண்ணுங்க. சேவ் பண்ண பாஸ்வேர்டு எல்லாத்தையும் அழிங்க.

7. நெட்டைத் திரும்பக் கொடுத்து, அப்டேட் போட்டு, ரெண்டு நாள் கவனிங்க. அந்த ரெண்டு நாளும் இதுல பேங்க் வேலை கிடையாது.

நடுவுல எங்கயாவது "உங்க கம்ப்யூட்டர் லாக் ஆயிடுச்சு, இந்த நம்பருக்குக் கூப்பிடுங்க"னு சத்தத்தோட ஒரு பக்கம் வந்தா கூப்பிடவே கூடாது. மைக்ரோசாஃப்ட் தர்ற எச்சரிக்கையில போன் நம்பர் இருக்காது. அது அடுத்த திருடன்.

எப்ப நிறுத்தணும்? ஸ்டாப் லாஸ் கணக்கு

என் விதி: மேல சொன்னதை ஒழுங்கா ஒரு தடவை பண்ணியும் அது திரும்ப வந்தா, அத்தோட நிறுத்திடணும். அழிச்சு புதுசா விண்டோஸ் போடணும்.

"இவ்வளவு நேரம் போட்டுட்டோம், இன்னும் ஒரே ஒரு ஸ்கேன்"னு தோணும். விழுந்துக்கிட்டே இருக்கிற ஷேரை "வாங்கின விலைக்கு வரட்டும்"னு பிடிச்சுக்கிட்டு இருக்கிறதும் இதுவும் ஒண்ணுதான். போன நேரம் போனதுதான். இனிமே போடப்போற நேரத்துக்கு என்ன கிடைக்கும்னு மட்டும் பாருங்க.

கணக்கு போடுவோம். மாசம் ரூ.45,000 சம்பளம், 22 நாள், நாளுக்கு 8 மணி நேரம். மொத்தம் 176 மணி நேரம். ஒரு மணி நேரத்துக்கு சுமார் ரூ.255. நான் போட்ட மூணு ராத்திரி, தலா மூணு மணி நேரம்னு வச்சாலே 9 மணி நேரம், ரூ.2,300. எங்க ஏரியா கடையில விண்டோஸ் போட ரூ.800 கேட்டாங்க. நீங்களே பண்ணா ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போதும். இதுல இன்னொரு பக்கமும் இருக்கு. ஒன்பது மணி நேரம் போட்ட பிறகும் "இது சுத்தமாயிடுச்சா?"ங்கிற கேள்விக்கு என்கிட்ட உறுதியான பதில் இல்லை. அந்தச் சந்தேகத்தோட அதுல நெட் பேங்கிங் திறப்பீங்களா? அழிச்சுப் போட்டா அந்தச் சந்தேகம் கிட்டத்தட்ட தீர்ந்துடும்.

ஒரு சிஏ-வா இதையும் சொல்லிடறேன்: சம்பளக்காரங்க இந்த ரிப்பேர் செலவையோ திருட்டுல போன பணத்தையோ வரியில கழிக்க முடியாது.  நஷ்டம் முழுசும் நம்ம பாக்கெட்டுலதான்.

அழிச்சுப் போடும்போது கவனிக்க வேண்டியவை

- போட்டோ, டாகுமெண்ட், எக்ஸெல் மாதிரி உங்க ஃபைலை மட்டும் பேக்கப் எடுங்க. சாஃப்ட்வேர், ஜிப், இன்ஸ்டாலர் எதையும் எடுக்காதீங்க. பேக்கப்பைத் திரும்பப் போடுறதுக்கு முன்னாடி ஸ்கேன் பண்ணுங்க.
- விண்டோஸ் இன்ஸ்டாலரை வேற நல்ல கம்ப்யூட்டர்ல, மைக்ரோசாஃப்ட்டோட மீடியா கிரியேஷன் டூல் வச்சு, குறைஞ்சது 8 ஜிபி பென் டிரைவ்ல தயார் பண்ணுங்க. டிஸ்க்ல இருக்கிற பழைய பார்ட்டிஷனை அழிச்சுட்டுப் போடுங்க. டி டிரைவ்ல ஃபைல் வச்சிருந்தா அதையும் முன்னாடியே பேக்கப் எடுத்துடுங்க.
- பென் டிரைவ் வழி கஷ்டமா இருந்தா "ரீசெட் திஸ் பிசி"யில "ரிமூவ் எவ்ரிதிங்", "கிளவுட் டவுன்லோட்" ரெண்டையும் தேர்வு பண்ணுங்க. சுமார் 4 ஜிபி டேட்டா ஆகும். "கீப் மை ஃபைல்ஸ்" இந்த நிலைமைக்கு வேணாம்.
- லேப்டாப்போட வந்த ஒரிஜினல் விண்டோஸா இருந்தா, அதே மெஷின்ல திரும்பப் போட்டதும் தானா ஆக்டிவேட் ஆயிடும். புதுசா காசு கொடுக்க வேண்டியதில்லை.
- இன்னும் விண்டோஸ் 10-ல இருந்தா, அதுக்கான சாதாரண சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சு போச்சு. மெஷின் தாங்கும்னா இந்தச் சாக்குல 11-க்கு மாறிடுங்க.

கடையில கொடுத்தா ரெண்டு விஷயம். முதல்ல உங்க டாகுமெண்ட்டை எடுத்துட்டு, அழிச்சுட்டுக் கொடுங்க. ரெண்டாவது, "ஆக்டிவேட்டர் போட்டுத் தர்றேன்"னு சொன்னா வேண்டாம்னு சொல்லுங்க. கிராக்கால வந்த வியாதிக்கு இன்னொரு கிராக் மருந்து கிடையாது.

இவ்வளவும் பண்ணி, புதுசா விண்டோஸ் போட்டு, தம்பி குரோம்ல லாகின் பண்ணான். அஞ்சு நிமிஷத்துல அந்தப் பழைய எக்ஸ்டென்ஷன் திரும்ப வந்து உட்கார்ந்துச்சு! எனக்கு அழுகையே வந்துடுச்சு. காரணம், குரோம் சிங்க். அவன் கூகுள் அக்கவுண்ட்லயே அந்த எக்ஸ்டென்ஷன் பதிவாகி இருந்திருக்கு, புது கம்ப்யூட்டர்னு நினைச்சு அது அக்கறையா இறக்கிக் கொடுத்துடுச்சு. அதனால புது விண்டோஸ்ல லாகின் பண்ணும்போது எக்ஸ்டென்ஷன் சிங்க்கை ஆஃப் பண்ணிடுங்க. சிங்க் ஆன அந்த டேட்டாவையும் கூகுள் அக்கவுண்ட்ல இருந்து அழிச்சுடுங்க.

அடுத்த ஒரு வருஷம்: உங்க பான் கார்டு வெளியே போயிருக்கு

கம்ப்யூட்டரை அழிச்சுடலாம், பான் நம்பரை மாத்த முடியாது. உங்க பான், ஆதார் வச்சு யாராவது லோன் எடுக்கிறாங்களான்னு பார்த்துக்கிட்டே இருக்கணும்.

சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் இந்த நாலு நிறுவனமும் வருஷத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட் இலவசமா தரணும்ங்கிறது ஆர்பிஐ விதி. நாலையும் ஒரே நாள்ல பார்க்காதீங்க. மூணு மாசத்துக்கு ஒண்ணுன்னு பிரிச்சுப் பார்த்தா வருஷம் முழுக்க இலவச கண்காணிப்பு ஆச்சு. நீங்க எடுக்காத லோனோ, நீங்க கேக்காத என்கொயரியோ இருந்தா அந்த நிறுவனத்துக்கும் லோன் கொடுத்தவங்களுக்கும் உடனே புகார் கொடுங்க. 30 நாளுக்குள்ள சரி பண்ணலைன்னா, அதுக்கு மேல தாமதமாகிற ஒவ்வொரு நாளுக்கும் ரூ.100 உங்களுக்கு இழப்பீடு தரணும்.

ஆதார் ஆப்ல பயோமெட்ரிக் லாக் போடுங்க. ஏஐஎஸ்-ஐ மூணு மாசத்துக்கு ஒரு தடவை திறந்து, உங்க பான்ல தெரியாத பரிவர்த்தனை ஏதாவது இருக்கான்னு பாருங்க.

இனிமே வராம இருக்க

நாலே நாலு பழக்கம். தினசரி உபயோகத்துக்கு அட்மின் இல்லாத சாதாரண யூசர் அக்கவுண்ட் வைங்க. பாஸ்வேர்டை பிரௌசர்ல போடாம பாஸ்வேர்டு மேனேஜர்ல வைங்க. பான், ஆதார், ஃபார்ம் 16 எல்லாத்தையும் வேலை முடிஞ்சதும் டவுன்லோட்ஸ்ல இருந்து எடுத்துடுங்க. அப்புறம், "ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணு"ன்னு எந்த இன்ஸ்டாலர் சொன்னாலும் அந்த நிமிஷமே நிறுத்துங்க. பிடிஎஃப் சேர்க்க இலவச, நேர்மையான சாஃப்ட்வேர் எத்தனையோ இருக்கு.

தம்பி பணம் என்னாச்சுன்னு கேப்பீங்க. எஸ்எம்எஸ் வந்த ராத்திரியே பேங்குக்கும் 1930-க்கும் சொன்னதால ஒன்பதாவது வேலை நாள்ல தற்காலிக வரவு வந்துச்சு. ரெண்டு மாசம் கழிச்சு அது உறுதியாச்சு. அந்த ரெண்டு மாசமும் அவன் தூங்கின தூக்கம் எனக்குத்தான் தெரியும். வியாழக்கிழமை ராத்திரி ஸ்கேன் போடுறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் எடுத்து மெயிலையும் கார்டையும் பூட்டியிருந்தா இதெல்லாம் நடந்திருக்கவே நடந்திருக்காது.

இப்ப உங்க வீட்டு கம்ப்யூட்டர் நல்லா ஓடிட்டு இருந்தாலும் இன்னைக்கே ரெண்டு வேலை பண்ணிடுங்க: டிஃபெண்டர் எக்ஸ்க்ளூஷன் லிஸ்ட்டைத் திறந்து பாருங்க, டவுன்லோட்ஸ் ஃபோல்டரைச் சுத்தம் பண்ணுங்க. எக்ஸ்க்ளூஷன் எப்படிப் பார்க்கிறதுன்னு ஸ்கிரீன்ல காட்டி நம்ம சேனல்ல ஒரு சின்ன வீடியோ போடுறேன். இதை உங்க தம்பி, தங்கச்சிக்கு அனுப்புங்க. வீட்டுல கிராக் சாஃப்ட்வேர் இறக்குறது அவங்களாத்தான் இருக்கும்!